ஓடு என்ற ஒரு சொல் குறித்த மனு

அனுப்புநர்:
குடிநீர் வால்வு திறப்பவரின் மனைவி,
அச்சகத்தில் புரூப் திருத்துபவர்,
மேல்நிலைத் தொட்டிக்கு எதிர்வீடு, முதல் மாடி.

பெறுநர்:
விசாரணை மேலதிகாரி அவர்கள்,
சாலை விபத்து வழக்குப் பிரிவு,
நகரக் காவல் அலுவலகம்.

பொருள்: என் கணவர் படுகாயமடைந்த ஸ்கூட்டர் விபத்து – ஓட்டப்பந்தய வீராங்கனைமீது பதிவான வழக்கு – நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ளவும், விடுபட்ட சாட்சிகளை விசாரிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகச் சமையலறைக் குழாயைத் திறந்தேன். முகம்கூடக் கழுவவில்லை. குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீரைச் சீராக விட்டது. என் கணவர் வேலையில் இருந்தவரை நான் அந்தக் குழாயைக் கவனித்ததே கிடையாது. தண்ணீர் வருமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழுந்ததில்லை. இப்போது அவர் இடத்தில் வேறொருவர் திறக்கிறார். உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்த என் கணவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஓடு" என்றார். இந்த மனு அந்த ஒரு சொல்லைப் பற்றியது. ஒரு சொல்லுக்காகத் தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. என் கணவர் நகரக் குடிநீர்ப் பிரிவில் வால்வு திறப்பவர். விடியும் முன்பே சைக்கிளில் கிளம்பி, தெருத்தெருவாக இரும்பு மூடிகளைத் தூக்கி, ஆளுயரச் சாவியைக் குழிக்குள் விட்டுத் திருகித் தண்ணீர் விடுவது அவர் வேலை. திருகி முடித்ததும் சாவியின் கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பார். குழாய்க்குள் தண்ணீர் புறப்பட்டுவிட்டதா என்பது அதில் கேட்குமாம். எங்கள் பகுதியில் அவரைத் தண்ணிக்காரர் என்பார்கள். குடிப்பழக்கமே இல்லாத மனிதருக்கு இப்படி ஒரு பெயர். எங்கள் கல்யாணம் பேசி முடிந்த சமயத்தில் "மாப்பிள்ளை தண்ணிக்காரராமே" என்று யாரோ சொல்லிவிட, என் சித்தப்பா விசாரித்துத் தெளியும்வரை சரியாகச் சாப்பிடவில்லை. இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. விபத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு ஆதரவாகப் பேசிய சிலர், "தண்ணிக்காரர்னு பேரே இருக்கு, அன்னைக்கும் போட்டிருப்பாரு" என்று பரப்பினார்கள். அவர் அன்று குடித்திருந்தது நான் போட்டுக் கொடுத்த ஒரு டம்ளர் காப்பி. ஊரின் வாய் இரண்டு பக்கமும் தவறாகப் பேசியது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

3. குற்றம் சாட்டப்பட்ட பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. எங்கள் பகுதியிலிருந்து நாட்டு அணிக்கான தேர்வுவரை போன முதல் ஆள். கடைத்தெரு முகப்பில் அவள் படத்தைப் பெரிதாக வைத்து, "எங்கள் மான்குட்டி" என்று எழுதியிருந்தார்கள். தினமும் விடியற்காலையில் வீட்டிலிருந்து மைதானத்துக்கு ஓடியே போவாள். என் கணவர் வால்வுக் குழியருகே குந்தியிருக்கும் நேரமும் அவள் கடந்து போகும் நேரமும் ஒன்றாக இருக்கும். "ஓடு கண்ணு, ஓடு. தண்ணி உன்னை முந்திடப் போகுது" என்பாராம் இவர். "உங்க தண்ணி இன்னும் பைப்புக்குள்ள தூங்குது மாமா" என்று சொல்லிக்கொண்டே அவள் போய்விடுவாளாம். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சிரிப்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அவளை மகளாக நினைத்தார் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அப்படி எதுவும் இல்லை. ஒரே நேரத்தில் வேலைக்குப் போகிற இரண்டு பேருக்கு இடையில் வரும் பழக்கம், அவ்வளவுதான்.

4. விபத்து நடந்த அன்று அவள் ஓடி வரவில்லை. தேர்வுப் போட்டி நெருங்கியிருந்தது, அசந்து தூங்கிவிட்டாள், அவளுடைய பயிற்சியாளர் தாமதமாக வருகிறவர்களை வெளியே நிறுத்திவிடுவார். தோழியின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்தாள். ஓட்டுநர் உரிமம் கிடையாது. முன்விளக்கு எரியவில்லை. காதில் பாட்டு. மருந்துக்கடை வளைவில் என் கணவர் சிவப்புத் துணி கட்டிய கம்பைப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத்தான் குந்தியிருந்தார். கம்பையும் அவரையும் சேர்த்தே இடித்தாள். இவற்றில் எதையும் அவள் மறுக்கவில்லை என்று அறிகிறேன். என் கணவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. தலையில் பட்ட அடியில் வலது கையும் பேச்சும் போயின. வருடக்கணக்காக ஓடி ஓடியே போன பெண், ஒரே ஒரு நாள் ஓடாமல் வந்ததால் நேர்ந்தது இது. எனக்கு இதில் யார்மீது கோபப்படுவது என்று தெரியாத நாட்களும் உண்டு, நன்றாகத் தெரிந்த நாட்களும் உண்டு.

5. மருந்துக்கடை வாசலில் உள்ள கேமராவில் பதிவான காட்சியைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர் யாரும் இல்லை. என் கணவர் தரையில் கிடக்கிறார். அந்தப் பெண் அவரை விட்டுத் திரும்பி ஓடுகிறாள். ஓடுவது என்றால் சாதாரண ஓட்டம் இல்லை. வாழ்நாளெல்லாம் அதையே பழகியவளின் ஓட்டம். பார்ப்பவர்களுக்கு அதுதான் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். தடுமாறி, அழுதுகொண்டு, செருப்பு கழன்று ஓடியிருந்தால் மன்னித்திருப்பார்களோ என்னவோ. அன்று சாயங்காலம் அவளை வீட்டில் வைத்துப் பிடித்தார்கள். "ஏன் ஓடினாய்" என்று கேட்டதற்கு, "அவர்தான் ஓடச் சொன்னார்" என்று அவள் பதில் சொன்னாள். அந்தப் பதில் எப்படியோ காவல் நிலையத்தைத் தாண்டி வெளியே வந்துவிட்டது.

6. அதற்குப் பிறகு நடந்ததைத் தாங்களும் அறிவீர்கள். அவள் வீட்டுச் சன்னல் கண்ணாடிகள் உடைக்கப்பட்டன. கடைத்தெருவில் இருந்த படத்தில் மான்குட்டி என்ற சொல்லை அடித்துவிட்டு, ஓடுகாலி என்று தாரில் எழுதினார்கள். விளையாட்டுச் சங்கம் எந்த விசாரணையும் இல்லாமல் அவளுக்கு வாழ்நாள் தடை விதித்தது. "அவர்தான் ஓடச் சொன்னார்" என்பது ஊரெல்லாம் வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. எங்கள் அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைக்கும் இளைஞர் ஒருநாள் வேலை முடியும் முன்பே பையை மாட்டிக்கொண்டு, "முதலாளியே ஓடச் சொன்னாரு, நான் என்ன பண்றது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பிறகுதான் பார்த்தார். பையைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி கணினி முன் உட்கார்ந்தார். பாவம், அவருக்கு அன்று வேறு வேலை எதுவுமே இல்லை.

7. அதே வாரத்தில் ஒரு சுவரொட்டி அச்சுக்கு வந்தது. எங்கள் அச்சகத்தில் எந்தத் தாளும் என் மேசையைத் தாண்டாமல் இயந்திரத்துக்குப் போகாது. ஒரு பக்கம் என் கணவரின் படம், இன்னொரு பக்கம் அந்தப் பெண்ணின் படம், நடுவில் கொட்டை எழுத்தில்: "ஓடுகாளியை ஊரைவிட்டே ஓட்டுவோம்." காளியின் ளகரத்தை அடித்து லகரம் போட்டேன். கை பழக்கத்தில் செய்துவிட்டது. பிறகுதான் அந்தத் தாளை முழுவதுமாகப் பார்த்தேன். இத்தனை பிழைக்கு நடுவில் ஓர் எழுத்தைத் திருத்தியிருக்கிறேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம்னா வேற பிரஸ்ல போட்டுக்கட்டும்மா" என்றார். வேறு அச்சகத்தில் போட்டுக்கொண்டார்கள். அங்கே ளகரமாகவே அச்சாகி ஒட்டப்பட்டிருக்கிறது.

8. எனக்குக் கோபமில்லை என்று தாங்கள் எண்ண வேண்டாம். இருபது வருடமாக என்னை "இந்தாம்மா" என்று கூப்பிட்டவர் என் கணவர். இப்போது அந்தச் சொல் அவரிடம் இல்லை. இடது கையால் கரண்டி பிடிக்கப் பழக்குகிறேன். சோறு சட்டையில் விழுந்தால் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பார். ஆள்துணையில்லாமல் புரண்டு படுக்க முடியாது. தண்ணீர் போகும் சத்தத்தைச் சாவியில் கேட்ட காது அப்படியே இருக்கிறது. கேட்டதைச் சொல்லும் வாய் இல்லை. முதல் மாதம் முழுவதும் அந்தப் பெண்ணின் கால்களை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது. என் கணவர் மறுபடி நடக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்கும் நேரத்தில், அவள் இனி ஓடக் கூடாது என்றும் சேர்த்தே கேட்டிருக்கிறேன். அதைத் தங்களிடம் மறைத்துவிட்டு இந்த மனுவை எழுதினால் அது பாதி மனுவாகிவிடும்.

9. இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். மருத்துவமனையில் நினைவு திரும்பிய நாளிலிருந்து என் கணவர் பேசுவது "ஓடு" என்ற ஒரே சொல்லைத்தான். பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், என்னைக் கூப்பிடவும் அதுதான். பெரிய டாக்டர் முதலில், தலையில் அடிபட்டதால் மண்டை ஓட்டைச் சொல்கிறாரோ என்றார். வார்டு ஆயா, "வீட்டுல ஓடு ஏதும் ஒழுகுதாம்மா, அதே நினைப்பா இருக்காரு" என்று கேட்டார். எங்களுடையது மொட்டைமாடி வீடு. தண்ணீர் ஓடுவதைச் சொல்கிறார் என்று அவருடைய அலுவலகத்தார் நினைத்தார்கள். மேற்பார்வையாளர் கட்டிலருகே வந்து, "எல்லாத் தெருவுக்கும் ஓடுதுண்ணே, நீங்க நிம்மதியா இருங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். ஊர்க்காரர்களுக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. அவள் ஓடிப்போனதைத்தான் சொல்கிறார் என்றார்கள். தங்கள் பிரிவுக் காவலர் வார்டு வராந்தாவில் என்னிடம் வாக்குமூலம் வாங்கியபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். "அவள் தப்பி ஓடிவிட்டாள் என்று என் கணவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்" என்று அவர் எழுதியதை வாசித்துக் காட்டினார். சரி என்று கையெழுத்துப் போட்டேன். காவலர்மீது பிழையில்லை. நான் புரிந்துகொண்டதைத்தான் அவர் எழுதினார்.

10. வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து, அவருக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தேன். பேச்சுக்கு நடுவில் பாலை மறந்துவிட்டேன். பேச்சு என்றால் நான் பேசுவதும் அவர் கேட்பதும்தான். திடீரென்று இடது கையைத் தூக்கிச் சமையலறைப் பக்கம் காட்டி, "ஓடு" என்றார். நான் எழுந்து ஓடினேன். பால் பொங்கி விளிம்புக்கு வந்திருந்தது. அடுப்பை அணைத்தேன். கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். அவர் சொன்னார், நான் ஓடினேன். யோசிக்கவில்லை, அர்த்தம் கேட்கவில்லை. அத்தனை பேரும் அது எந்த ஓடு என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, என் கால்களுக்கு அது சந்தேகமில்லாமல் புரிந்திருந்தது. அது நடந்ததைச் சொல்லும் சொல் அல்ல, ஏவல். ஓடிவிட்டாள் இல்லை, ஓடுகிறது இல்லை. ஓடு. போ, சீக்கிரம் போ. கல்லூரியில் மூன்று வருடம் இலக்கணம் படித்தவள் நான். அன்றாடம் ஒற்றும் புள்ளியும் பார்த்தே சம்பளம் வாங்குகிறேன். எனக்கு இது பால் பொங்கும்வரை தெரியவில்லை.

11. உள்ளே போய், "அந்தப் பொண்ணுகிட்டயும் இதையேதான் சொன்னீங்களா?" என்று கேட்டேன். "ஓடு" என்றார். அவருக்கு ஆம் என்பதும் இல்லை என்பதும் அதே சொல்தான் என்பதால், அதை நான் சாட்சியமாகத் தங்களிடம் வைக்கவில்லை. ஆனால் அன்று அவர் என் கையை விடவில்லை. பேச்சுப் பயிற்சி தர வரும் பெண்ணிடம் விசாரித்தேன். தலையில் இப்படி அடிபட்ட சிலருக்குக் கடைசியாகப் பேசிய சொல்லே நாக்கில் தங்கிவிடுவது உண்டு, ஆனால் இவருக்கு அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்ன அளவுக்கே இங்கே எழுதுகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை.

12. சொல்லை மட்டும் நம்பி நான் தங்களிடம் வரவில்லை. விபத்து நடந்த வளைவிலிருந்து நேராகப் போனால் தெருக்கோடியில் மருத்துவமனை இருக்கிறது. அவள் ஓடிய திசை அதுதான். அவளுடைய வீடு எதிர்த் திசையில். இது எல்லோருக்கும் தெரிந்த தெரு, எல்லோருக்கும் தெரிந்த திசை. யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை, நானும்தான். மருத்துவமனை வாசல் காவலரைப் போய்ப் பார்த்தேன். முதலில் தெரியாது என்றார். நான் யார் என்று சொன்னதும் நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஆமாம்மா, அந்தப் பொண்ணுதான் வந்துச்சு. கேட்டைப் போட்டு இடிக்குது. வாயைத் தொறக்குது, மூச்சுதான் வருதே தவிர பேச்சு வரல. கையைக் கையை அந்தப் பக்கமா நீட்டுச்சு. 'தண்ணி மாமா, தண்ணி மாமா'ன்னுச்சு. நான் குடிக்கத் தண்ணி கேக்குதுன்னு சொம்பை எடுத்து நீட்டுறேன். தட்டிவிட்டுடுச்சு. அப்புறம்தான் புரிஞ்சு வண்டியை அனுப்புனோம்." இதைப் போலீசில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவங்க கேக்கலம்மா. கேட்டாலும், அந்த வீட்டுக் கண்ணாடி ஆன கதி என் வீட்டுக்கும் ஆகட்டுமா?" என்றார்.

13. அவள் சட்டைப்பையில் வேலை செய்யும் தொலைபேசி இருந்தது. ஆம்புலன்சுக்குப் பேசியிருக்கலாமே, ஓடுவானேன் என்பது அரசுத் தரப்பின் கேள்வி என்று அறிகிறேன். நியாயமான கேள்வி. நானாக இருந்தால் பேசியிருப்பேன், தாங்களும் பேசியிருப்பீர்கள். ஏழு வயதிலிருந்து எல்லாவற்றுக்கும் ஓடியே பதில் சொன்ன பெண்ணுக்கு அந்த நிமிடத்தில் கை நினைவுக்கு வரவில்லை, கால்தான் வந்திருக்கிறது. தினமும் "ஓடு கண்ணு" என்கிற குரலும் அதையே சொன்னது. ஓட்டக்காரியைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத தவறு இது. தவறுதான். ஆனால் கைவிட்டுப் போவது வேறு.

14. அடுத்து, மருந்துக்கடைக்காரரைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். அவர் நல்லவர். இந்த மாதங்களில் எங்களுக்கு வேண்டிய மருந்துகளை அவரே மாடியேறிக் கொண்டுவந்து கொடுத்தார். என் கணவருக்கு நீதி கேட்கும் குழுவுக்கும் அவர்தான் தலைவர். வாசல்காவலரைப் பார்த்துவிட்டு நேராக அவர் கடைக்குப் போய், கேமராவில் பதிவானதை முழுவதும் காட்டச் சொன்னேன். மறுக்காமல் காட்டினார். ஊர் பார்த்தது அவள் திரும்பி ஓடும் துண்டை மட்டும்தான். அதற்கு முன்பு அவள் அவர் பக்கத்தில் மண்டியிடுகிறாள். தலையைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொள்கிறாள். பிறகு காதை அவர் வாயருகே கொண்டுபோகிறாள், அவர் சாவியில் காது வைப்பாரே அதுபோல. என் கணவரின் இடது கை எழும்பித் தெருக்கோடியைக் காட்டுகிறது. அதன் பிறகுதான் ஓடுகிறாள்.

15. பதிவு முடிந்தது. யாரோ இருமல் மருந்து கேட்டு வந்தார். எடுத்துக் கொடுத்து அனுப்பினார். பிறகு, "அன்னைக்கு இருந்த ஆத்திரத்துல அந்த இடத்தை மட்டும் வெட்டி அனுப்பிட்டேன் தங்கச்சி. முன்னாடி இருந்ததை நான் பாக்கவே இல்ல" என்றார். நான் நம்புகிறேன். "இப்ப இதைக் கொடுத்தா ஊர்ல என் மூஞ்சியை எங்க கொண்டு வைக்கிறது?" என்று கேட்டார். அழித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்தது. "பத்திரமா வச்சிருங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன். தலையசைத்தார். அந்தப் பதிவு இன்றுவரை அவரிடம் இருக்கிறது. தாங்கள் கேட்டால் கொடுப்பார். தாங்கள் கேட்க வேண்டும் என்றுதான் அவரும் காத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டு வாங்கினால் அவர் கொடுத்ததாக ஆகாது.

16. அந்தப் பெண்ணின் தாயைப் பற்றி ஒரு பத்தி. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறார். விபத்து நடந்த மறுவாரம் வார்டு வாசலில் வந்து நின்றார். யாரென்று தெரிந்ததும் எழுந்து கதவருகே போனேன். அவர், "மன்னிப்புக் கேக்க வரலக்கா. கேட்டுட்டா நீங்க குடுத்தே ஆகணும்னு ஆயிடும். சும்மா பாத்துட்டுப் போறேன்" என்றார். கண்ணாடி வழியாகப் பார்த்தார். கட்டிலில் விரித்திருந்த துணியின் சுருக்கத்தைப் பார்த்து அவர் கை தானாக நீவுவதுபோல் காற்றில் அசைந்ததைக் கண்டேன். அன்று அவரோடு நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சென்ற வாரம்தான் இஸ்திரிக் கடைக்குப் போய்ப் பேசினேன். பெண் ஜாமீனில் வந்ததிலிருந்து அறையை விட்டு வெளியே வருவதில்லையாம். "நடந்தாக்கூட மெதுவா நடக்குறாக்கா. யாராவது பாத்தா ஓடுறதா நினைச்சுப்பாங்களோன்னு பயம்" என்றார். தேர்வுப் போட்டி முடிந்துவிட்டது. அவள் கேட்கவும் இல்லையாம்.

17. உண்மையின் மறுபாதியையும் நானே சொல்லிவிடுகிறேன். ஆம்புலன்ஸ் கிளம்பியதும் அவள் அதில் ஏறித் திரும்பி வரவில்லை. கூட்டம் சேர்ந்து அடிக்கப் போகிறது என்ற பயத்தில் மருத்துவமனைப் பின்பக்கம் போர்வைகள் காயும் இடத்தில் மதியம்வரை ஒளிந்திருந்துவிட்டு, வீட்டுக்குப் போனாள். காவல் நிலையத்துக்குப் போகவில்லை. ஆக, அன்று அவள் இரண்டு முறை ஓடியிருக்கிறாள்: ஒருமுறை அவருக்காக, ஒருமுறை அவரிடமிருந்து. வழக்கில் இரண்டையும் ஒரே ஓட்டமாக எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது ஓட்டத்துக்கு அவள் பதில் சொல்லியாக வேண்டும். முதலாவதற்குத் தண்டனை கொடுத்தால் அது என் கணவரின் சொல்லுக்குக் கொடுத்த தண்டனையாகும்.

18. எனவே தங்களை நான் வேண்டுவது: என் பழைய வாக்குமூலத்தில் "தப்பி ஓடிவிட்டாள் என்று கூறுகிறார்" என்ற வரியை நீக்கி, "ஓடு என்று கூறுகிறார்" என்று மட்டும் பதிவு செய்ய ஒரு புதிய வாக்குமூலம் பெற்றுக்கொள்ள வேண்டும். மருந்துக்கடையின் முழுப் பதிவையும் முறைப்படி கேட்டு வாங்க வேண்டும். வாசல்காவலரை விசாரிக்க வேண்டும். அவர் வீட்டுக் கண்ணாடிக்குத் தாங்கள் பொறுப்பேற்க வேண்டும். உரிமம் இல்லாமலும் விளக்கு இல்லாமலும் கவனமில்லாமலும் வண்டி ஓட்டியதற்கும், மறைந்திருந்ததற்கும் உள்ள பிரிவுகள் அப்படியே இருக்கட்டும். அவற்றைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. என் கணவரின் இடுப்புக்கும் கைக்கும் யாராவது கணக்குச் சொல்லத்தான் வேண்டும். செய்த குற்றத்துக்கு நீதிமன்றம் என்ன கொடுத்தாலும் அவளும் நானும் ஏற்றுக்கொள்ளலாம். செய்யாத குற்றத்துக்குத் தெரு கொடுப்பதை யாரிடம் போய் மேல்முறையீடு செய்வது? என் கணவரின் படத்தைச் சுவரொட்டிகளில் போடக் கூடாது என்றும் உத்தரவிடக் கோருகிறேன். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். என்ன அர்த்தத்தில் என்பதுதான் தெரிந்திருக்காது.

19. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் நீதிக் குழுவின் கூட்டம் நடக்கிறது. அதில் நான் மேடையில் இருக்க வேண்டும் என்கிறார்கள். "நீ ஒண்ணும் பேச வேணாம் தங்கச்சி, உக்காந்தா போதும்" என்று மருந்துக்கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். நேற்று மாத்திரை கொண்டுவந்தபோது அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. என் பெயரில் ஒரு நாற்காலி போடுவார்கள். அது காலியாகவே இருக்கும்.

20. அதற்குப் பதிலாக நான் செய்ய இருப்பதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தாயிடம் சொல்லவில்லை, முதலாளியிடம் சொல்லவில்லை, என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஞாயிறு விடியற்காலை, தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில், பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு என் கணவரைச் சக்கர நாற்காலியில் கீழே இறக்கப் போகிறேன். வால்வுக் குழியைத் தாண்டி, மருந்துக்கடை வளைவைத் தாண்டி, அந்தப் பெண்ணின் வீட்டுச் சன்னலுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தப் போகிறேன். வழக்கைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசமாட்டேன். அவரால் பேச முடியாது. அவரிடம் இருப்பது ஒரே ஒரு சொல். அதை அவள் எழுந்து வரும்வரை அவர் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். சாட்சியும் குற்றம் சாட்டப்பட்டவரும் சந்திக்கச் சட்டத்தில் தடை இருந்தால், தயவுசெய்து சனிக்கிழமைக்குள் எனக்குத் தெரிவிக்கவும். தெரிவித்தால் வீட்டருகே போகமாட்டோம், தெருமுனையிலேயே நின்றுகொள்வோம். விடியற்காலையில் எங்கள் தெருக்கள் அமைதியாக இருக்கும், ஐயா. அங்கிருந்து சொன்னாலும் கேட்கும்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,
தண்ணிக்காரரின் மனைவி
(கையொப்பம்)

இடம்: வீடு, சமையலறை மேசை
நாள்: வெள்ளிக்கிழமை, குழாயில் தண்ணீர் நின்ற பிறகு

நகல்: செயலாளர், விளையாட்டுச் சங்கம் – வழக்கு முடியும்வரை தடை ஆணையை நிறுத்திவைக்கக் கோரி.